நாலாம் அறையில் நான் பூட்டிய யன்னல்

அன்றைக்கு எனக்கு இடுப்பு நிமிரவில்லை. அதிகாலை மூன்றே முக்காலுக்கு எழும்பிக் கட்டில் விளிம்பில் குந்தியிருந்தேன். இரண்டு கைகளாலும் முழங்காலை ஊன்றித்தான் நிற்க முடிந்தது. இடது பக்கம் இடுப்பிலிருந்து குதிக்கால் வரை யாரோ கம்பியைச் செருகி இழுப்பது போல வலி. இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போனேன்.

இடுப்பை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வலி இல்லாத நாட்களில் நான் முதலாம் அறையில் தொடங்கி வரிசையாகத் துடைத்துக்கொண்டு போவேன். பாரமான வேலையைக் கடைசிக்கு விடுவேன். அன்றைக்கு மாத்திரை வேலை செய்யும்போதே பாரமானதை முடித்துவிடலாம் என்று நாலாம் அறைக்கு முதலில் போனேன். வழக்கம்போல ஒரு மணித்தியாலம் பிந்திப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பேய்க் கதை கேட்கும் ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. கீரிமலைப் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைத்த குடும்பம் நாங்கள். அப்பா உடைத்தார், அம்மா சுமந்தா, பத்து வயதில் நானும் சுமந்தேன். பகல் முழுக்க வெயிலில் கிடந்த கல் இரவில் குளிர்ந்து வெடிக்கும். பக்கத்து வீட்டார் அதைப் பேய் என்பார்கள். நாங்கள் கல் என்போம். அந்த ஆள்தான் இதை எழுதுகிறேன். திகதியும் மணியும் போட்டு எழுதுகிறேன். நம்பாவிட்டால் விடுங்கள். நடந்தது நடந்ததுதான்.

ஜெர்மனியில், ஹம்பேர்க் நகரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் துப்புரவு வேலை. எட்டு அறைகள், அறைக்கு இரண்டு கட்டில். அதிகாலை ஐந்து மணிக்கு வேலை தொடங்கும். கழிவறைக்குச் சிவப்புத் துணி, கைகழுவும் தொட்டிக்கு மஞ்சள், கட்டில் மேசைக்கு நீலம். மாற்றிப் பிடித்தால் எச்சரிக்கைக் கடிதம் வரும். அதற்கு டொச் மொழியில் ஆப்மானுங் என்று பெயர். மூன்று வந்தால் வீட்டில் இருக்கலாம்.

அந்தத் தரையை இரண்டரை வருடம் துடைத்தேன். எந்த மாதத்தில் என்ன வரும் என்று இப்போது தூக்கத்திலும் சொல்வேன். நவம்பர் முடியும்போது மூச்சுக்காரர் வருவார்கள். இரண்டு மாதம், மூன்று மாதக் கைக்குழந்தைகள். சளி நெஞ்சில் இறங்கி மூச்சை மறந்துவிடுவார்கள். மார்ச் வரை அவர்கள்தான். வருடப்பிறப்புக்கு வெடி கொளுத்திக் கை எரிந்தவர்கள். வெயில் தொடங்கினால் தோட்டக் குளத்தில் விழுந்த இரண்டு வயது, மூன்று வயதுக்காரர். இருதயம் பழுதான பிள்ளைகளுக்கு மாதக் கணக்கு இல்லை. அவர்கள் எப்போதும் வருவார்கள், நெடுநாள் இருப்பார்கள்.

முடிவு என்ன என்பதை எனக்கு யாரும் சொல்வதில்லை. அறை சொல்லும். பிள்ளை தேறிச் சாதாரண வாட்டுக்குப் போனால் கட்டிலும் பொம்மையும் சேர்ந்து போகும். அவசரத்தில் சப்பாத்து ஒன்றை விட்டுவிட்டுப் போவார்கள். பிள்ளை இறந்தால் கட்டில் நிற்கும். சுவரில் ஒட்டிய படங்களை மட்டும் யாரோ மெதுவாகக் கழற்றியிருப்பார்கள். ஒட்டுநாடாவின் நாலு மூலைகள் சுவரில் மிஞ்சியிருக்கும். அந்த மூலைகளை நகத்தால் சுரண்டி எடுப்பது என் வேலை.   நகம்தான் தேய்ந்தது.

இதெல்லாம் பிறகு பழகியது. நான் சொல்லும் நாளில் அந்தப் பிரிவுக்கு வந்து ஆறு கிழமைதான்.

2005 ஜனவரி 18. செவ்வாய்க்கிழமை. வெளியே குளிர் சைபருக்குக் கீழே ஏழு.

ஐந்து மணிக்கு வேலைத் தாளைப் பார்த்தேன். நாலாம் அறை, யன்னல் பக்கக் கட்டில், முழுத் துப்புரவு என்று இருந்தது. ஐந்து பத்துக்குக் கதவைத் திறந்தேன். பனிக்காற்று முகத்தில் அடித்தது. யன்னல் விரியத் திறந்து கிடந்தது. யன்னல் அடியில் ஒரு கோடு பனி. அறையில் யாரும் இல்லை. கட்டிலை உரித்துவிட்டிருந்தார்கள். சுவரில் ஒட்டுநாடா மூலைகள். எண்ணினேன், இருபத்துநாலு. ஆறு படங்கள். அந்தக் கட்டிலில் ஒரு பையன் கிடந்தது தெரியும், ஆனால் வேலை நேரத்தில் தரையை விட்டு நிமிர்ந்து அவனைப் பார்த்ததில்லை.

"இந்தக் குளிருக்கை எந்த விசரன் யன்னலைத் திறந்து வைச்சவன்?" என்று வாய்விட்டே சொன்னேன்.

அந்தப் பிரிவில் யன்னல்கள் எப்போதும் பூட்டியிருக்கும். பூட்டைத் திறக்கத் தாதிமாரிடம் ஒரு திறப்பு உண்டு. கண்ணாடி துடைக்க எங்களிடம் ஒன்று. முந்திய வேலையிடத்தில் யாரோ திறந்துவிட்ட யன்னலால் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்து, எனக்குத்தான் ஆப்மானுங் வந்தது. அதே பயம். யாரிடமும் கேட்கவில்லை. யன்னலை இழுத்துச் சாத்தினேன். திறப்பைப் போட்டுப் பூட்டினேன். திறப்பை உருவிச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

டிக்... டிக்.

திரும்பினேன். கட்டில். கட்டிலின் இரும்புக் கம்பி. வேறு ஒன்றும் இல்லை.

இரும்பு குளிர்ந்தால் சத்தம் போடும், கல்லைப் போலத்தான். வேலையைச் செய்தேன்.

அடுத்த நாள் யன்னல் கண்ணாடியின் உள் பக்கத்தில், கீழே, என் இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு மூச்சுப் பட்ட வட்டம் இருந்தது. உள்ளங்கை அளவு. நீலத் துணியால் துடைத்தேன். மறுநாளும் அதே இடத்தில் இருந்தது. அதற்கு அடுத்த நாளும். அறையில் அப்போது படுத்திருந்தது இரண்டரை மாதக் கைக்குழந்தை. அது எழுந்து வந்து கண்ணாடியில் மூச்சு விட ஏலாது.

பிறகு வெளிச்சம்.

அந்தப் பிள்ளைகளின் விரலில் ஒரு சின்னக் கவ்வி மாட்டுவார்கள். இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று அது பார்க்கும். அதற்குள் சிவப்பு விளக்கு ஒன்று. சிறு பிள்ளைகளின் விரல் மெல்லியது என்பதால் நுனி முழுக்கச் சிவப்பாக எரியும். யன்னல் கண்ணாடியில் அப்படி ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. கட்டிலில் கிடக்கும் பிள்ளையின் வெளிச்சம் கண்ணாடியில் படுகிறது என்று நினைத்தேன். நாலைந்து நாள் கழித்துத்தான் யோசித்தேன். கைக்குழந்தைக்கு அதை விரலில் மாட்டுவதில்லை. காலில் சுற்றுவார்கள். மேலே போர்வை போடுவார்கள்.

அதன் பிறகு அந்தக் கண்ணாடியைப் பார்க்காமல் துடைக்கப் பழகினேன்.

டிக் சத்தம் மட்டும் தப்பவில்லை. எல்லா நாளும் இல்லை. மாதத்தில் ஒரு முறை இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். டிக்... டிக் என்று கேட்டால் மனதுக்குள் எண்ணுவேன். பத்துக்கும் பதினைந்துக்கும் இடையில் அந்த அறையின் அலாரம் கத்தும். தாதி ஓடுவாள். பிள்ளையைத் தட்டி எழுப்புவாள். பிள்ளை மூச்சு விடும்.

ஒவ்வொரு முறையும் சத்தம் முதலில். அலாரம் பிறகு.

எங்கள் மேற்பார்வையாளர் ஜேசுரட்ணம் அண்ணையிடம் சொன்னேன். குருநகர் ஆள். வாயில் எப்போதும் மிளகு இனிப்பு.

"அண்ணை, அந்த நாலாம் அறை சரியில்லை."

"என்ன, தரை வழுக்குதோ?"

"பகிடி விடாதேங்கோ. ஆரோ கட்டிலை டிக் டிக் எண்டு தட்டினமாதிரிக் கேக்குது. ஆள் இல்லை."

"ஆள் இல்லையெண்டால் நல்லது தம்பி. ஆள் இருந்தால் சுத்திச் சுத்தியெல்லோ துடைக்க வேணும்." சிரித்துவிட்டு, "உம்மடை இடுப்பைக் கொண்டுபோய் டொக்டரிட்டைக் காட்டும். அங்கைதான் டிக் டிக் எண்டு கேக்கும்" என்றார்.

அதோடு விட்டேன்.

இந்த நேரத்தில்தான் வசுந்தரா என்ற பெண் வந்தாள். வேலூர்ப் பக்கத்து டொக்டர். ஆராய்ச்சிக்கு வந்தவள். நடைபாதைக் கடைசியில் சின்ன அறையில் பழைய கோப்புகளை அடுக்கி வைத்துக்கொண்டு கணினியில் தட்டுவாள். குப்பை எடுக்கப் போனபோது நான் கைத்தொலைபேசியில் தமிழில் யாரையோ திட்டியதைக் கேட்டு எழும்பி நின்றாள்.

"அண்ணா, நீங்க தமிழா? மூணு மாசமா ஜெர்மன் கேட்டு காது புண்ணாகிடுச்சு."

என்ன வேலை என்று கேட்டேன்.

"அஞ்சு வருஷமா இங்க வந்த குழந்தைங்க கணக்கு. என்ன டிசீஸ், எந்த மாசம், எத்தனை நாள் ஐசியூல இருந்தாங்க, கடைசில என்ன ஆச்சு. அவ்ளோதான்."

"அதை நான் சொல்லுவன், கோப்பு வேண்டாம்" என்றேன். நவம்பரிலிருந்து சொன்னேன். மூச்சுக்காரர், வெடிக்காரர், குளத்துக்காரர். அவள் சிரிக்கவில்லை. தாளை எடுத்துக் குறித்தாள்.

2005 டிசம்பர் கடைசியில் எனக்கு மகள் பிறந்தாள். லக்சிகா. ஏழு வருடம் காத்திருந்து பிறந்த பிள்ளை. பெப்ரவரி தொடக்கத்தில் மூக்கு ஒழுகியது. இரண்டு நாளில் பால் குடிப்பதை விட்டாள். மூன்றாம் நாள் உதடு நீலமானது.

2006 பெப்ரவரி 8. புதன்கிழமை. நான் துடைக்கும் தரையில் என் பிள்ளையின் கட்டிலை உருட்டிக்கொண்டு போனார்கள். நான் பின்னால் போனேன். நாலாம் அறைக் கதவு திறந்தது.

"வேறு அறை இல்லையா?" என்று தாதியிடம் கேட்டேன். அவள் பெயர் ஹைக்கெ. ஐம்பது தாண்டிய பெரிய உடம்புக்காரி. முப்பது வருடம் அங்கே வேலை செய்தவள்.

"பெப்ரவரியில் வேறு அறையா? ஹெர் ராசன், உங்களுக்கே தெரியும்" என்றாள். ஹெர் என்றால் திரு.

எனக்குத் தெரியும்தான்.

கதவுப் பக்கக் கட்டில் என் பிள்ளைக்கு. யன்னல் பக்கத்துப் பிள்ளை அன்று மாலையே தேறி வாட்டுக்குப் போனான். அந்தக் கட்டில் வெறுமையாக நின்றது. என் மனைவி துஷானி தாய்மாருக்கான அறையில் படுத்தாள். நான் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வேலைக்கு வந்தேன். வேலை ஐந்து மணிக்கு. நாலு நாற்பதுக்கே வந்து பிள்ளையின் பக்கத்தில் கதிரையைப் போட்டுக் குந்தினேன்.

மூக்கில் குழாய். தலையில் தொப்பி. காலில் சுற்றிய கவ்வி, மேலே போர்வை. மொனிட்டரில் ஒட்சிசன் எண் 96. நல்ல எண். தொண்ணூற்றுக்குக் கீழே போனால்தான் கத்தும். மூச்சு நின்றாலும் கத்தும், ஆனால் இருபது விநாடி பார்த்துவிட்டுத்தான். ஹைக்கெ எனக்கு எல்லாம் சொல்லியிருந்தாள். மூச்சு எண்ணைக் காட்டும் கோடு கொஞ்சம் ஏமாற்றும் என்றும் சொல்லியிருந்தாள்.

நாலு ஐம்பத்திரண்டு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது ஞாபகம்.

டிக்... டிக்.

யன்னல் பக்கக் கட்டில்.

நான் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று இருந்தேன். மொனிட்டரைப் பார்த்தேன். 96.

டிக்... டிக்.

96.

கண்ணாடியில் சிவப்புப் புள்ளி. கட்டில் உயரத்தில். அது ஏறி இறங்கியது.

டிக் டிக் டிக்.

இவ்வளவு வேகமாக ஒருநாளும் கேட்டதில்லை.

டிக்டிக்டிக்டிக்...

96. மொனிட்டர் அமைதியாக இருந்தது. பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது.

நான் பிள்ளையைப் பார்த்தேன்.

நெஞ்சு அசையவில்லை.

கத்தினேன். தமிழில் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

ஹைக்கெ வந்துவிட்டாள். பிள்ளையைப் பிரட்டி முதுகை உரசினாள். அசையவில்லை. முகமூடியை வைத்துக் காற்றுப் பையை அமுக்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

அப்போதுதான் அலாரம் கத்தியது. 88... 79... 71...

நாலு... ஐந்து...

பிள்ளை அழுதாள்.

பூனைக்குட்டி போல ஒரு சத்தம். அவ்வளவுதான். ஆனால் அழுதாள்.

தட்டல் நின்றுவிட்டது.

ஆறரைக்கு ஹைக்கெ என்னைத் தாதிமாரின் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கோப்பி ஊற்றித் தந்தாள். கதவைச் சாத்தினாள்.

"மொனிட்டர் கத்தும் முன் நீங்கள் கத்தினீர்கள். எப்படித் தெரிந்தது?"

"தட்டும் சத்தம் கேட்டது."

"எங்கே?"

"யன்னல் பக்கக் கட்டிலில். கம்பியில் ஏதோ பிளாஸ்டிக்கால் தட்டுவது போல."

அவள் கோப்பியைக் கீழே வைத்தாள்.  பிறகு சொன்னாள்.

போன வருடம் அந்தக் கட்டிலில் மால்ட்டெ என்று ஒரு பையன் இருந்தான். ஆறு வயது. காய்ச்சல் வந்து இருதயத் தசை கெட்டுப்போய், வேறு இருதயத்துக்காக ஐந்து கிழமை காத்திருந்தான். தொண்டையில் குழாய், பேச்சு இல்லை. ஆனால் விழித்திருப்பான். நாள் முழுக்கப் பக்கத்துக் கட்டில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பிள்ளைகளுக்கு மூச்சு நிற்கப் போவது இயந்திரத்துக்கு முன் அவனுக்குத் தெரிந்துவிடும். விரலில் மாட்டிய கவ்வியால் கட்டில் கம்பியில் தட்டுவான். இரண்டு தட்டு. யாரும் வராவிட்டால் வேகமாகத் தட்டுவான். தாதிமார் அவனைக் காவல்காரன் என்று கூப்பிட்டார்கள்.

"கடைசிக் கிழமையில் அவனுக்கு விளங்கிவிட்டது," என்றாள் ஹைக்கெ. "எழுதப் பழகிய வயது. பலகையில் எழுதிக் காட்டினான். இத்தனை குழாயோடு எப்படி வெளியே போவது என்று. நாங்கள் ஆள் இறந்தால் யன்னலைத் திறந்து வைப்போம் ஹெர் ராசன், உயிர் போவதற்கு. பழைய வழக்கம். அதைச் சொன்னேன். குழாய்கள் இங்கே கிடக்கும், நான் யன்னலைத் திறப்பேன், நீ போகலாம் என்றேன். அதுவரை என்ன செய்வது என்று எழுதினான். அதுவரை நீ காவல்காரன், பக்கத்துக் கட்டிலைப் பார், யன்னல் திறக்காமல் உன் வேலை முடியாது என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன். அவன் தலையாட்டினான்."

அவள் தொடர்ந்தாள்.

"அன்று நான்தான் வேலையில் இருந்தேன். தாய் யன்னலைத் திறக்க விடவில்லை, பிள்ளைக்குக் குளிரும் என்றாள். அதனால் அவனை வெளியே கொண்டுபோன பிறகு திறந்தேன். ஐந்து மணி ஐந்து நிமிடம். நல்லவேளை, திறந்துவிட்டேன்." என் முகத்தைப் பார்த்தாள். "திறந்தேன்தானே."

ஐந்து மணி ஐந்து நிமிடம். நான் பூட்டியது ஐந்து பத்து.

ஐந்து நிமிடம். ஆறு வயதுப் பிள்ளை. அவன் உயிர் பெற்றாரோடு வேறு அறைக்குப் போயிருக்கும். திரும்பி வந்து பார்க்கையில் யன்னல் பூட்டு.

எங்கள் வழக்கத்தில் வீட்டில் முப்பத்தொரு நாள் விளக்கு எரித்து, அந்தியேட்டிச் சடங்கு செய்துதான் உயிரை அனுப்புவோம். இவர்கள் அன்றைக்கே யன்னலைத் திறந்து அனுப்பிவிடுகிறார்கள். பூட்டிய அன்றைக்கு, ஆறு கிழமை அங்கே வேலை செய்தும் நான் அதை அறியவில்லை. குளிரில் யாரோ திறந்துவிட்ட யன்னல் என்றுதான் கண்டேன்.

"ஓம், திறந்தீர்கள்" என்று சொன்னேன். சட்டைப் பைக்குள் திறப்பு இருந்தது.

அன்று பகல் துஷானியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பிள்ளையின் காலைப் பிடித்தபடி கேட்டாள். ஏன் கேட்காமல் பூட்டினீங்கள் என்று கேட்பாள் என நினைத்தேன். கேட்கவில்லை.

"இஞ்சாருங்கோ, அந்தத் திறப்பு எங்கை?"

எடுத்துக் கொடுத்தேன். தன் கைப்பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்து மூடினாள்.

"எங்கடை பிள்ளை வீட்டை வரட்டும். பிறகு திறவுங்கோ."

"அதுவும் ஒரு தாயின்ரை பிள்ளையப்பா."

"எனக்குத் தெரியும்" என்றாள். "தெரிஞ்சுதான் சொல்லுறன்."

நானும் திறப்பைத் திருப்பிக் கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அவள் எடுத்து வைத்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் இன்னும் இரண்டு முறை தட்டல் கேட்டது. பெப்ரவரி 11, காலை ஆறு பதினேழு. பெப்ரவரி 13, பின்னேரம் ஐந்து இருபது, வெளியே பொழுது படும் நேரம். இரண்டு முறையும் துஷானி பக்கத்தில் இருந்தாள். இரண்டு முறையும் அலாரத்துக்கு முன் தாதியைக் கூப்பிட்டாள். இரண்டாம் முறைக்குப் பிறகு யன்னல் பக்கம் பார்த்து ஏதோ வாய்க்குள் சொன்னாள். என்ன என்று நான் கேட்கவில்லை.

பெப்ரவரி 17 லக்சிகா வீட்டுக்கு வந்தாள். கட்டிலும் பொம்மையும் சேர்ந்து போயின. ஒரு காலுறையை விட்டுவிட்டு வந்தோம்.

அடுத்த நாள் விடியப் புறப்படும்போது துஷானி திறப்பை மேசையில் வைத்தாள். "இண்டைக்குத் திறவுங்கோ."

ஐந்து பத்துக்கு நாலாம் அறைக்குப் போனேன். கதவுப் பக்கக் கட்டிலில் இன்னொரு கைக்குழந்தை. பக்கத்தில் தகப்பன். துறைமுகத்தில் வேலை செய்யும் போர்த்துக்கல்காரன், கழுவியும் போகாத எண்ணெய்க் கறுப்பு விரல்களில். உடைந்த டொச்சில் கேட்டான்.

"நீ இங்கே வேலையா? இந்த அறை நல்லதா?"

திறப்பு கையில் இருந்தது. அவன் என்னையே பார்த்தான். நான் பத்து நாளுக்கு முன் அந்தக் கதிரையில்தான் குந்தியிருந்தேன்.

"நல்ல அறை" என்றேன்.

கண்ணாடியைத் துடைத்தேன். யன்னலைத் திறக்கவில்லை.

அந்தப் பிள்ளை போகட்டும் என்று காத்தேன். போனது. அன்றைக்கே இன்னொன்று வந்தது. பிறகு இன்னொன்று. எந்தப் பிள்ளை கிடக்கும்போது திறப்பது? யாருடைய தகப்பனிடம் போய்ச் சொல்வது? ஒவ்வொரு நாளும் திறப்போடு போனேன். ஒவ்வொரு நாளும் திறப்போடு வந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போனது.

2007 கோடையில் அந்தப் பிரிவைப் புதிய கட்டடத்துக்கு மாற்றினார்கள். புதிய கட்டடத்தைப் பழையதோடு ஒட்டிக் கட்டினார்கள். நாங்கள் இரண்டு கிழமை விடுமுறையில் இருந்தபோது அந்தப் பக்க யன்னல்களை எல்லாம் கழற்றிவிட்டுக் கல் அடுக்கிப் பூசிவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது நாலாம் அறை பழைய கட்டில்கள் வைக்கும் சாமான் அறை. யன்னல் இருந்த இடத்தில் வெள்ளைச் சுவர்.

செப்டம்பரில் வசுந்தரா ஊருக்குத் திரும்புமுன் என்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்தாள். கையில் அச்சடித்த கட்டு.

"அண்ணா, நீங்க சொன்ன மாசக் கணக்கு அப்படியே கரெக்ட். ஒண்ணுதான் புரியல. நாலாம் நம்பர் ரூம். 2005 ஜனவரி பதினெட்டாம் தேதிக்கு அப்புறம் அந்த ரூம்ல நூத்திப் பன்னெண்டு குழந்தைங்க இருந்திருக்காங்க. ஒண்ணு கூட சாகல. மத்த எல்லா ரூம்லயும் செத்திருக்கு, அங்க மட்டும் சைபர். நான் தப்பா ஏத்திட்டேன்னு மூணு தடவை பார்த்தேன்."

நான் மொப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னொண்ணு. நர்ஸ் நோட்ஸ்ல ஒரு வரி திரும்பத் திரும்ப வருது. 'அலாரத்துக்கு முன்பே கவனிக்கப்பட்டது.' முப்பத்தொரு தடவை, வேற வேற நர்ஸ் கையெழுத்துல. யார் கவனிச்சாங்கன்னு ஒருத்தரும் எழுதல."

"புதிய கட்டடத்திலை?" என்று கேட்டேன்.

அவள் தாளைப் புரட்டினாள். "அங்க மூணு மாசத்துல நாலு பேர் போயிட்டாங்க. எல்லா இடத்துலயும் நடக்கிற மாதிரி. நார்மல்."

நான் இப்போதும் அதே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். லக்சிகாவுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. மாதத்தில் ஒரு முறை அந்தச் சாமான் அறையைத் துடைக்க வேண்டும். உள்ளே மின் இணைப்பு வெட்டிய பழைய கட்டில்கள் பதினாறு. பிள்ளைகள் இல்லை. மொனிட்டர் இல்லை. வாளியை வைத்துவிட்டுக் கதவருகே நிற்பேன்.

டிக்... டிக்.

போன மாதம் வேகமாகக் கேட்டது. டிக்டிக்டிக் என்று. சுவருக்கு அந்தப் பக்கம்தான் புதிய பிரிவு. நான் வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். சுற்றிப் போக நாலு நிமிடம். போய்ச் சேர்ந்தபோது ஹைக்கெ ஓர் அறையின் யன்னலைத் திறந்துகொண்டிருந்தாள்.

திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. அதைப் போட்டுத் திறக்கும் யன்னல் இப்போது இல்லை.

மால்ட்டெக்கு நான் ஒரு திறந்த யன்னல் கடன். இன்னும் கொடுக்கவில்லை.